ஐந்து குட்டிகள், இருபத்தேழு வண்டிகள்: மாசாய் மாராவில் ஒரு காலை

பின்னணி

ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டில், ஆறேழு பேரைக் கென்யாவுக்கு அழைத்துப்போவது என் வழக்கம். தொழில் என்று சொல்ல முடியாது. நான் காட்டுக்குப் போய்வரும் செலவு அதில் கழிந்துவிடும், அவ்வளவுதான். இங்கே எழுதியிருப்பது 2024 பயணத்தில் ஒரு காலை நேரத்தில் நடந்தது. யார் பெயரையும் தரவில்லை. தவறில் பெரிய பங்கு என்னுடையது என்பதால் என்னை மட்டும் ஒளித்துக்கொள்ள வழியில்லை.

குழுவில் ஆறு பேர். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும். அண்ணன் தம்பி இருவர், இரண்டு பேர் கையிலும் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். ஒரு பல் மருத்துவர், கல்லூரியில் படிக்கும் அவர் மகள். தங்கியது மாசாய் மாரா தேசியக் காப்பகத்தின் தாலெக் வாசலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் உள்ள ஒரு கூடாரக் கேம்ப்பில். அதற்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதென்றாலும் டார்ச்சோடு ஒரு காவலர் கூட வருவார். வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒருவரே. மாசாய்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், அந்தச் சமவெளியில் மாடு மேய்த்து வளர்ந்தவர். அவரோடு எனக்கு அது மூன்றாவது பயணம்.

எங்களுக்கு வேண்டியது சிவிங்கிப்புலி. நம் ஊரில் பலர் இதையும் சிறுத்தை என்றே சொல்கிறார்கள். மருத்துவரும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். இரண்டும் வேறு. சிறுத்தை மரத்தில் ஏறிப் படுத்திருக்கும், பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சுவாஹிலியில் அது சூயி. சிவிங்கிப்புலியின் கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு ஓடும். வெட்டவெளியில் பகலில் ஓடிப் பிடிக்கும். அது டூமா. இந்தியாவில் இது அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவித்தார்கள். 2022இல் நமீபியாவிலிருந்து எட்டை மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்த பிறகு, ஆப்பிரிக்கா போகிற நம்மவர்களுக்கு அதை அதன் சொந்த மண்ணில் பார்க்கும் ஆசை கூடியிருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டிக்குள் அதுவும் உட்கார்ந்திருந்தது. 2024 ஜூலை முதல், வெளிநாட்டவருக்கான காப்பகக் கட்டணம் நாளுக்கு 200 டாலர் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதம் 100. அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு. தம்பி முதல் நாளே செல்போனில் கணக்குப் போட்டுச் சொன்னார்: "ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபாய், சார். தூங்குனா நஷ்டம்."

முந்தின இரவும் அதற்கு முன்பும்

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். முந்தைய ஆண்டு எடுத்தது. நான்கு காலும் தரையில் படாமல் சிவிங்கிப்புலி பாய்கிற படம். கீழே, "இந்த முறை வேட்டை கட்டாயம்" என்று எழுதியிருந்தேன். விளையாட்டாக எழுதியதுதான். ஆறு பேரும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

இரண்டாவது தவறு இன்னும் சின்ன வாசகம். முந்தின இரவு கணப்பு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாள் சுற்றியும் சிங்கங்கள் தூங்குவதைத்தான் பார்த்திருந்தோம். அண்ணன் என்னிடம், "வேட்டை காட்டினா அவரைத் தனியா கவனிச்சுக்கலாம்னு சொல்லிடுங்களேன்" என்றார். எழுந்துபோய் வழிகாட்டியிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலையில் மாதச் சம்பளத்தை விட டிப்ஸ்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

விதிகளும் எல்லாருக்கும் தெரியும். ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம்விட வேண்டும். 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. தடத்தை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது. அன்று மாலை நான் இவற்றைப் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டிய அதே வாயால்தான் அந்த 'கவனிப்பு'ப் பேச்சும்.

அன்று காலை

6 மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போனோம். நான் வழக்கம்போல முன் இருக்கையில், வழிகாட்டிக்குப் பக்கத்தில். 6:40க்கு ரேடியோவில் சேதி வந்தது. ஆற்றுக்குத் தெற்கே உள்ள சமவெளியில் ஒரு டூமா, குட்டிகளோடு. 6:55க்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களோடு சேர்த்து நான்கு வண்டிகள்.

தாய் ஒரு கரையான் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. ஐந்து குட்டிகள், மூன்று நான்கு மாதம் இருக்கும். பிறந்த குட்டிகளின் முதுகில் சாம்பல் நிறத்தில் பிடரிபோல மயிர் அடர்ந்திருக்கும். அது இன்னும் முழுதாக உதிரவில்லை. ஒன்று தாயின் வாலைக் கடித்தது, இரண்டு ஒன்றையொன்று உருட்டின. வண்டிக்குள் பேச்சே இல்லை. ஓய்வுபெற்றவரின் மனைவி கேமராவை எடுக்கவே இல்லை, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருபது நிமிடத்தோடு கிளம்பியிருந்தால் இந்த எழுத்துக்கு வேலை இருந்திருக்காது.

7:30க்குப் பதினொரு வண்டிகள். தெற்கே முந்நூறு மீட்டர் தள்ளி தாம்சன் கெஸல் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தாய் அவற்றைப் பார்த்துவிட்டது. குட்டிகளைத் தடத்துக்கு வடக்கே ஒரு புதரடியில் விட்டுவிட்டுத் தடத்தைக் கடந்து, தலையைத் தாழ்த்தி நடக்க ஆரம்பித்தது. குட்டிகள் விட்ட இடத்திலேயே படுத்துக்கொண்டன. 7:50க்கு இருபதைத் தாண்டிவிட்டது கூட்டம். பின்னால் இன்னும் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. மருத்துவரின் மகள் எண்ணிய கடைசிக் கணக்கு இருபத்தேழு.

தாய் மானை நோக்கித் திரும்பியதும் முன்வரிசை வேன் ஒன்று தடத்தை விட்டு இறங்கியது. பாய்ச்சலை நேருக்கு நேராகப் படமெடுக்க முன்னால் போய் நிற்க வேண்டும். ஒன்று இறங்கியதும் ஏழெட்டு இறங்கின. எங்கள் வழிகாட்டி இறங்கவில்லை. பின்னாலிருந்து தம்பியின் குரல்: "எல்லாரும் போறாங்க. நாம மட்டும் நின்னு என்ன பண்ண?" அண்ணன் என் தோளைத் தட்டினார். நான் வழிகாட்டியிடம், மெதுவாக, "கொஞ்சம் முன்னால் போகலாமா?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கியரைப் போட்டார். அறுபது மீட்டர் புல்லில் போய் நின்றோம்.

அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. முந்தின இரவு பேசிய காசு நினைவில் இருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. 'நீங்கள் சொல்கிறீர்களா?' என்று கேட்டார். நான் சொன்னேன், அவர் போனார்.

வேட்டை நடக்கவில்லை. எங்கோ ஒரு என்ஜின் உறுமியது. மான்கள் தலைதூக்கின, ஓடின. தாய் ஐம்பது அறுபது மீட்டர் ஓடிவிட்டு நின்று, வாயைத் திறந்து இரைத்தபடி புல்லில் உட்கார்ந்துவிட்டது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பிறைபோல வளைந்து நின்ற எங்கள் வண்டிவரிசை தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் இருந்தது. தாய் கூப்பிட்டது. சிவிங்கிப்புலி கர்ஜிக்காது, பறவைபோல விட்டுவிட்டுக் கீச்சிடும். புதர்ப் பக்கமிருந்து குட்டிகளின் பதில் கேட்டது. அவை இரண்டு மூன்று முறை வெளியே வந்து, சக்கரங்களைப் பார்த்துத் திரும்பி ஓடின. ஒரு குட்டி மட்டும் தடுமாறி ஒரு வெள்ளை வேனின் அடியில் நுழைந்துகொண்டது. 8:25க்கு மேற்கே ஒரு கழுதைப்புலி தெரிந்தது. அவசரமில்லாத ஓட்டம். வண்டிகள் குவிந்த இடத்தில் ஏதாவது நடக்கிறது என்பது கழுதைப்புலிகளுக்கும் தெரியும்.

மற்றப் பூனைகளை விட இதற்கு ஏன் பாதிப்பு அதிகம்

சிங்கக் கூட்டத்தைச் சுற்றிப் பத்து வண்டி நின்றாலும் அது பாட்டுக்குத் தூங்கும், இரவில் எழுந்து வேட்டைக்குப் போகும். சிறுத்தைக்குப் பிடிக்காவிட்டால் புதரில் மறைந்துவிடும். சிவிங்கிப்புலிக்கு இரண்டு வழியும் இல்லை. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து அது பகலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நாமும் அதே பகலில்தான் வருகிறோம். அதன் ஓட்டம் முந்நூறு மீட்டருக்குள் முடிய வேண்டிய ஒன்று. அதற்கு முன்னால் சத்தமில்லாமல் நெருங்க வேண்டும், பிறகு ஓட வெட்டவெளி வேண்டும். குட்டியோடு இருக்கும் தாய்க்கு ஏறக்குறைய தினமும் இரை தேவை. இரை பிடித்தாலும் கழுதைப்புலி வந்தால் சண்டைபோடாமல் விட்டுக்கொடுத்துவிடும். காயம்பட்டால் அதற்குப் பட்டினிதான்.

குட்டிகள் பிழைப்பதே அபூர்வம். 1980களின் இறுதியில் தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் நடந்த ஆய்வில், பிறந்தவற்றில் நூற்றுக்கு ஐந்துகூடத் தாயைப் பிரிந்து வாழும் வயதை எட்டவில்லை. பெரும்பாலானவற்றைக் கொன்றது சிங்கம். மாராவிலேயே செய்து 2018இல் வெளியான ஆய்வு எங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 0.21 குட்டிதான் வளர்ந்து தனித்துப் போனது. வண்டிகள் குறைந்த பகுதியில் அது 2.32. இந்த எண்களை நான் 2024க்கு முன்பே படித்திருந்தேன். படித்தது அறுபது மீட்டரைத் தடுக்கவில்லை.

எடுத்த முடிவு

வழிகாட்டி என்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நாம் இங்கே இருக்கக் கூடாது." கையில் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, எல்லாரையும்போல அசையாமல் இருப்பது. வண்டிகள் அசையாவிட்டால் குட்டிகள் பயம் தெளிந்து நடுவே நுழைந்து போய்விடலாம், சில சமயம் போகும். ஆனால் கழுதைப்புலி வந்துகொண்டிருந்தது, பின்னால் புதிய வண்டிகளும் வந்துகொண்டிருந்தன. இரண்டாவது, அண்ணன் சொன்னது: வண்டியை ஓட்டிப்போய்க் கழுதைப்புலியை விரட்டலாம். வழிகாட்டி ஒரே வரியில் மறுத்துவிட்டார். "அதற்கும் எங்காவது குட்டி இருக்கும். அது என் வேலை இல்லை." நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் வருகிற யோசனை இது, பலருக்கும் வரும். புல்லில் இன்னொரு வண்டி ஓடினால் குட்டிகள் இன்னும் சிதறும் என்பதைக் கோபத்தில் யாரும் நினைப்பதில்லை.

மூன்றாவது, பின்வாங்குவது. நாங்கள் மட்டும் போனால் அந்த இடத்தில் இன்னொரு வண்டி வந்து நிற்கும். அதனால் அவர் செய்தது இது. முதலில் ரேஞ்சர் ஒருவருக்குப் போன் செய்தார். பிறகு ரேடியோவில் சுவாஹிலியில், தனக்குத் தெரிந்த ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பக்கத்துப் பக்கத்து வண்டிகள் சேர்ந்து பின்வாங்கினால் ஒரு வாசல் திறக்கும் என்றார். யாரையும் திட்டவில்லை. "நானும் இறங்கிவிட்டேன், நானே முதலில் போகிறேன்" என்று தொடங்கினார் என்று பின்னால் எனக்குச் சொன்னார். வந்த சக்கரத் தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக ஏறினோம். மூன்று வண்டிகள் கூடவே வந்தன.

வண்டிக்குள் அமைதி இல்லை. "இவ்வளவு காசு குடுத்து வந்தது திரும்பிப் போறதுக்கா?" என்றார் தம்பி. எல்லாரையும் கேட்டு முடிவெடுங்கள் என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலுக்கு இரண்டில் அங்கேயே நின்றிருப்போம் என்று இன்றும் நினைக்கிறேன். ஓய்வுபெற்றவர், "நடக்கட்டும் விடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு

முந்நூறு மீட்டர் தள்ளித் தடத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தோம். திறந்த இடைவெளிக்குள் தாய் நுழைந்தது. நான்கு குட்டிகள் ஓடிவந்து சேர்ந்தன. அவற்றோடு அது அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த குரோட்டன் புதர்களுக்குள் போய்விட்டது. ஐந்தாவது குட்டி இன்னும் வேனுக்கு அடியில். வேன் ஓட்டுநருக்கு அது தெரியாது, அவர் சாவியைத் திருகினார். பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டிக் கையைக் காட்டினார். என்ஜின் நின்றது. அந்த இரண்டு மூன்று நொடிகளைப் பற்றி எழுத இன்னும் எனக்குச் சரியான வார்த்தை வரவில்லை.

9:05க்கு ரேஞ்சர் வண்டி வந்தது. ஒவ்வொரு வண்டியாக மெல்ல வெளியே அனுப்பினார்கள். வெள்ளை வேனை மட்டும் அசையாமல் நிறுத்திவைத்தார்கள். சத்தம் அடங்கிய பிறகு குட்டி வெளியே வந்து புல்லில் தட்டையாகப் படுத்துக்கொண்டது. கழுதைப்புலி கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வேறு பக்கம் போனது. 10:10க்குத் தாய் தனியாகத் திரும்பி வந்து கூப்பிட்டது. குட்டி எழுந்து ஓடியது. எங்கள் வண்டியில் அதைப் படமெடுத்தது மருத்துவரின் மகள் மட்டும். தூரத்தில் இரண்டு புள்ளிகள், கானல்.

தடம் விட்டு இறங்கியதற்காக எங்கள் வண்டிக்கும் அபராதம் எழுதினார்கள். ரசீதில் ஓட்டுநர் பெயர்தான் இருக்கும். அது சேர்ந்தால் அவர் பிழைப்பே போய்விடும். ரேஞ்சரிடம் போய், இறங்கச் சொன்னது நான் என்று சொல்லிப் பணம் கட்டினேன். ரேஞ்சர் அதைக் கேட்டுக்கொண்டார், ஆனால் ஸ்டீரிங் யார் கையில் இருந்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அன்று மாலை அண்ணனும் தம்பியும் என்னிடம் பேசவில்லை. ஊர் திரும்பியதும் இரண்டு நாள் காப்பகக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு நாளுக்கானதைக் கொடுத்தேன். வேட்டை கட்டாயம் என்று எழுதியது நான்தானே. ஓய்வுபெற்றவரின் மனைவி கடைசி நாள் வழிகாட்டியிடம் போய்த் தமிழிலேயே ஏதோ சொல்லிக் கும்பிட்டார். அவருக்குப் புரிந்ததா என்று கேட்டேன். "அம்மாக்கள் பேசுவது புரியும்" என்றார்.

மறுநாள் மாலை இன்னொரு வண்டிக்காரர் ஐந்து குட்டிகளையும் பார்த்திருக்கிறார். தாய் ஒரு மான்குட்டியைப் பிடித்திருந்ததாம். செப்டம்பரில் வழிகாட்டி அனுப்பிய செய்தியில் மூன்று. நவம்பரில் இரண்டு. அந்தக் காலை இல்லாவிட்டாலும் இதே கணக்குதான் வந்திருக்கலாம். சிங்கம் இருக்கிறது, பசி இருக்கிறது. எங்களால்தான் போயின என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லவே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தத் தாய்க்கு அன்று ஒரு வேளை உணவு போனது, ஒரு குட்டியோடு நூறு நிமிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்தது. நேரில் பார்த்தது அவ்வளவு.

மாற்றியவை

பயணக் குறிப்பிலிருந்து 'வேட்டை' என்ற சொல்லையும் பாய்கிற படத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது புற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் தாயின் படம்.

டிப்ஸ் இனி முதல் நாளே பேசி முடிகிறது. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, கடைசி நாள் உறையில். என்ன பார்த்தோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வழிகாட்டி முன்னிலையிலேயே எல்லாருக்கும் சொல்கிறேன். சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற தளர்வைப் பார்த்தால், முந்தைய ஆண்டுகளில் நான் அவர் தலையில் எதை ஏற்றிவைத்திருந்தேன் என்று தெரிகிறது.

முன் இருக்கையில் நான் உட்காருவதில்லை. இது கேலியாகத் தோன்றலாம். அங்கே உட்கார்ந்தால் மற்றவர்களுக்குக் கேட்காமல் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட முடிகிறது. அன்று நடந்தது அதுதான். கடைசி வரிசையிலிருந்து பேச வேண்டுமானால் கத்த வேண்டும். கத்திச் சொல்ல வெட்கப்படுகிற விஷயங்கள் சொல்லாமலே போய்விடுகின்றன.

நான்கு இரவில் இரண்டைக் காப்பகத்துக்கு வடக்கே உள்ள சமூகக் காப்பு நிலங்களுக்கு மாற்றினேன். மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை மாத வாடகைக்கு விட்டு உருவானவை அவை. அங்கே தங்குபவர்களின் வண்டிகள் மட்டுமே ஓடும். நிலத்தின் அளவுக்கு இத்தனை கூடாரம்தான் என்று வரம்பும் உண்டு. செலவு கூடியது. 2025க்கு ஆறு பேர் கேட்டு, விலையைப் பார்த்து இரண்டு பேர் விலகினார்கள். நால்வரை வைத்து நடத்தினால் எனக்குக் கையைக் கடிக்கும். கடித்தது.

அந்த ஆண்டும் அதே வழிகாட்டிதான். காப்பகத்துக்குள் போன முதல் காலை, ரேடியோவில் டூமா என்று கேட்டது. நாங்கள் போனபோது ஐந்து வண்டிகள் ஏற்கெனவே நின்றிருந்தன. அவர் நானூறு மீட்டர் முன்னாலேயே தடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பிளாஸ்கைத் திறந்தார். நால்வரும் இறங்காமலே தேநீர் குடித்தார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு வண்டி நகர்ந்து எங்களுக்கு இடம் வந்தபோது விலங்கு குரோட்டன் புதருக்குள் போயிருந்தது. ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.